கார் எஞ்சினுக்குக் கூடுதல் எர்த் கேபிள்: வீட்டிலேயே செய்து பொருத்தும் முறை

காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் இழுத்து இழுத்துச் சுற்றியது. ஹெட்லைட்டைப் போட்டால் வெப்பமானியின் முள் காரணமில்லாமல் ஏறி நின்றது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் ரேடியோவில் ஒரு ரீங்காரம் கூடவே ஏறி இறங்கியது. பதினான்கு வயதான என் பெட்ரோல் காரில் இந்த மூன்று குறைகளும் ஒரே மழைக்காலத்தில் வந்து சேர்ந்தன. முதலில் பேட்டரியை மாற்றினேன். பிறகு ஒரு பட்டறையில் சொன்னபடி செல்ஃப் மோட்டாரைக் கழற்றிச் சரிபார்த்து மாட்டினார்கள். எட்டாயிரம் ரூபாய்க்கு மேல் செலவான பின்னும் குறை அப்படியே இருந்தது. எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் ஒரு முழ நீளக் கேபிளின் முனையில், ரப்பர் உறைக்குள் பூத்திருந்த பச்சைக் களிம்புதான் காரணம் என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதங்கள் ஆயின. சென்னை திருவான்மியூரில் கடற்கரைக்கு நடந்து போகும் தொலைவில் வீடு இருப்பதால், உப்புக் காற்று தன் வேலையைச் செய்திருந்தது.

அதே நிலையில் இருக்கும் உங்களுக்கு அந்த இரண்டு மாதங்களும் அந்தச் செலவும் மிச்சமாக வேண்டும் என்பதற்காக, நான் செய்த முறையை வரிசையாக எழுதுகிறேன்.

வேலையில் இறங்கும் முன் ஒரு விஷயத்தை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எஞ்சின் ரப்பர் மவுண்டிங்குகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் வழியே மின்சாரம் போகாது. எனவே செல்ஃப் மோட்டார் இழுக்கும் 100 முதல் 200 ஆம்பியர் வரையிலான மின்னோட்டம், பேட்டரியின் மைனஸ் முனைக்குத் திரும்பி வர எர்த் கேபிள்களைத்தான் நம்பியிருக்கிறது. அந்தப் பாதை கெட்டுப்போனால் மின்சாரம் வேறு வழி தேடும். என் காரில் அது கிளச் கேபிள் வழியாகப் போயிருக்கிறது. நான்கைந்து முறை செல்ஃப் அடித்துவிட்டு பானெட்டைத் திறந்து அந்தக் கேபிளைத் தொட்டபோது, இஸ்திரி போட்ட சட்டையைப் போலச் சுட்டது. சந்தேகத்தை எர்த் பக்கம் திருப்பியது அந்தச் சூடுதான்.

1. கேபிள் வாங்கும் முன் அளந்து பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். கூடுதல் எர்த் கேபிள் போட்டால் மைலேஜ் கூடும், இழுவை கூடும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். உங்கள் காரின் எர்த் பாதை நன்றாக இருந்தால் கூடுதல் கேபிளால் எந்த மாற்றமும் தெரியாது. பாதை கெட்டிருந்தால்தான் பலன் கிடைக்கும். அது கெட்டிருக்கிறதா என்பதை 400, 500 ரூபாய் மல்டிமீட்டர் ஒன்று பத்து நிமிடத்தில் சொல்லிவிடும். நான் ரிச்சி தெருவில் 450 ரூபாய்க்கு வாங்கினேன்.

மீட்டரை ஓம் அளவில் வைத்துக் கேபிளை அளப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. மீட்டரின் சொந்த ஒயர்களுக்கே அரை ஓம் வரை தடை இருக்கும். நாம் தேடும் கோளாறோ ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு. அந்தச் சிறிய தடையில் 150 ஆம்பியர் ஓடினால் ஒன்றரை வோல்ட் வீணாகும், ஆனால் ஓம் அளவில் அது கண்ணுக்கே படாது. ஒரே ஓர் இழை ஒட்டிக்கொண்டிருக்கும் கேபிள்கூட ஓம் அளவில் நல்ல கேபிளாகவே தெரியும். ஆகவே மின்னோட்டம் ஓடும்போது எவ்வளவு வோல்ட் இழக்கப்படுகிறது என்பதைத்தான் அளக்க வேண்டும்.

கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிடுங்கள். ஆட்டோமேட்டிக் கார் என்றால் பார்க் நிலையில் வையுங்கள். எஞ்சின் சுற்ற வேண்டும், ஆனால் கிளம்பக் கூடாது என்பதால், பெட்ரோல் பம்ப்பின் ஃபியூஸையோ ரிலேயையோ கழற்றிவிட்டு, குழாயில் மிச்சமிருக்கும் பெட்ரோல் தீர்ந்து எஞ்சின் நிற்கும் வரை ஒருமுறை ஓடவிடுங்கள். மீட்டரை டி.சி. 20 வோல்ட் அளவில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரியின் மைனஸ் ஈயத் தூணின் மேலேயே வையுங்கள். அதைக் கவ்வியிருக்கும் கிளாம்ப்பில் வைத்தால், தூணுக்கும் கிளாம்ப்புக்கும் இடையிலுள்ள கோளாறு தப்பிவிடும். சிவப்பு முனையை எஞ்சினில் பெயிண்ட் இல்லாத சுத்தமான உலோகத்தில் அழுத்திப் பிடியுங்கள். வீட்டில் ஒருவரை உட்காரவைத்து ஐந்து வினாடிகளுக்கு மேல் போகாமல் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். ஒயரும் கையும் ஃபேன் பெல்ட்டிலிருந்து விலகியிருக்கட்டும்.

மீட்டர் 0.2 வோல்ட் அல்லது அதற்குக் குறைவாகக் காட்டினால் எஞ்சின் எர்த் நன்றாக இருக்கிறது. என் காரில் 0.92 காட்டியது.

பிறகு ஃபியூஸை மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட், ஏசி, பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, சிவப்பு முனையை முதலில் காரின் பாடியிலும் அடுத்து, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் உலோக உடலிலும் வைத்துப் பாருங்கள். இங்கே 0.1 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. பேட்டரியின் பிளஸ் தூணுக்கும் செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டுக்கும் இடையே செல்ஃப் அடிக்கும்போது ஏற்படும் இழப்பையும் கட்டாயம் பாருங்கள். அங்கே 0.5 வோல்ட்டுக்கு மேல் போனால் கோளாறு பிளஸ் பக்கம் இருக்கிறது. எத்தனை எர்த் கேபிள் போட்டாலும் அது தீராது.

எல்லா அளவுகளையும் தேதியுடன் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கடைசிப் படியில் அது தேவைப்படும்.

2. பழைய எர்த் கேபிளைக் கழற்றித் துலக்குங்கள்

அளவு கூடுதலாக வந்தால் உடனே கடைக்கு ஓடாதீர்கள். கம்பெனியிலிருந்து வந்த எர்த் கேபிள்களின் முனைகளைக் கழற்றி, கம்பித் தூரிகையால் துலக்கி மாட்டிவிட்டு மீண்டும் அளந்து பாருங்கள். பாதிக் கார்கள் இந்த இடத்திலேயே குணமாகிவிடும் என்பது என் எண்ணம். என் காரில் அளவு 0.92 வோல்ட்டிலிருந்து 0.45 வரைதான் இறங்கியது. கேபிளின் உறையைச் சற்றுக் கீறிப் பார்த்தபோது உள்ளே இழைகள் கறுத்து, தொட்டால் பொடியாக உதிர்ந்தன. அப்படி உள்ளே அரித்துப்போன கேபிளை மாற்றியே ஆக வேண்டும். கூடுதல் கேபிள்கள் அதற்குத் துணை நிற்பவை, அதற்குப் பதிலாக வருபவை அல்ல. நல்ல நிலையில் உள்ள கம்பெனி எர்த் எதையும் கழற்றி எறியாதீர்கள்.

3. தாள்களைப் புரட்டுங்கள்

இந்த வேலைக்கு எந்த அலுவலகத்திலும் விண்ணப்பம் தேவையில்லை, ஆர்.சி.யில் எழுதியிருக்கும் விவரம் எதையும் இது மாற்றுவதில்லை. ஆனால் மூன்று தாள்களைப் படித்துவிட வேண்டும்.

முதலாவது வாரண்டிப் புத்தகம். கார் இன்னும் வாரண்டியிலோ நீட்டித்த வாரண்டியிலோ இருந்தால், வெளியார் செய்த மின் இணைப்புகளைப் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நாளைக்கு மின் பகுதி ஏதாவது பழுதானால், நீங்கள் போட்ட கேபிளைக் காட்டி உங்கள் கோரிக்கையை மறுக்க முடியும். வாரண்டி உள்ள காரில் எர்த் கோளாறு இருந்தால், அளவுகளை எழுதிய நோட்டோடு சர்வீஸ் சென்டருக்குப் போய் அவர்களையே சரிசெய்யச் சொல்லுங்கள். இந்த வேலை வாரண்டி முடிந்த காருக்குத்தான்.

இரண்டாவது ஓனர்ஸ் மேனுவல். பேட்டரியைக் கழற்றிய பின் செய்ய வேண்டியவை அதில் இருக்கும். சில ரேடியோக்கள் ரகசிய எண் கேட்கும். அந்த எண் கையில் இல்லாமல் பேட்டரியைக் கழற்றிவிட்டால், அதற்காக ஒரு நாள் அலைய வேண்டியிருக்கும். மூன்றாவது, உங்கள் மாடலுக்கான சர்வீஸ் மேனுவலில் உள்ள ஒயரிங் படம். எர்த் புள்ளிகள் எங்கெங்கே இருக்கின்றன என்பதை அது காட்டும். அது கிடைக்காவிட்டால் பேட்டரி மைனஸிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு கேபிளையும் கையால் தொடர்ந்து போய்ப் பார்த்துப் படம் வரைந்துகொள்ளுங்கள்.

சிக்னலில் எஞ்சின் தானே நின்று தானே கிளம்பும் ஸ்டார்ட் ஸ்டாப் வசதி உள்ள கார்களில் பேட்டரியின் மைனஸ் கிளாம்ப்போடு ஒட்டியபடி ஒரு சிறிய சென்சார் இருக்கும். போகும் வரும் மின்னோட்டத்தை அது கணக்கெடுக்கிறது. புதிய கேபிளை நேராக மைனஸ் தூணில் கட்டினால், ஒரு பகுதி மின்னோட்டம் சென்சாரைத் தாண்டிப் போய்விடும். கணக்கு தவறி, சார்ஜ் ஆகும் முறையே குழம்பும். அத்தகைய காரில் சென்சாருக்கு அடுத்துள்ள பாடி எர்த் புள்ளியிலிருந்துதான் கேபிள்கள் கிளம்ப வேண்டும். ஹைப்ரிட், மின்சாரக் கார்களின் ஆரஞ்சு நிறக் கேபிள்கள் பக்கம் கையே போகக் கூடாது. அவற்றில் ஓடுவது உயிர் பறிக்கும் அளவு மின்னழுத்தம்.

4. எந்த இடத்தை எதோடு இணைப்பது

சந்தையில் பத்துப் பன்னிரண்டு கேபிள்கள் கொண்ட வண்ண வண்ணத் தொகுப்புகள் உண்டு. நான்கு சிலிண்டர் கொண்ட ஒரு சாதாரணக் காருக்கு நான்கு கேபிள்கள் போதும். நான் போட்டவை இவை: பேட்டரி மைனஸிலிருந்து கியர்பாக்ஸ் உறைக்கு 55 சென்டிமீட்டர், பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்கு 35 சென்டிமீட்டர், சிலிண்டர் ஹெட்டிலிருந்து எஞ்சின் அறையின் பின்சுவருக்கு 45 சென்டிமீட்டர், ஆல்டர்னேட்டர் பிராக்கெட்டிலிருந்து பாடிக்கு 60 சென்டிமீட்டர். செல்ஃப் மோட்டார் கியர்பாக்ஸோடு ஒட்டி நிற்பதால் முதல் கேபிள்தான் மிக முக்கியம். ஒன்றே ஒன்றுதான் போட முடியும் என்றால் அதைப் போடுங்கள்.

நீளத்தைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். ஒரு சணல் கயிற்றை உண்மையில் கேபிள் போக வேண்டிய வழியில் வளைத்து வைத்து அளந்து, எஞ்சின் ஆடுவதற்காக 5 சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். சைலன்சர் மேனிஃபோல்டு, பெல்ட், ரேடியேட்டர் ஃபேன் ஆகியவற்றுக்கு அருகே கேபிள் போகக் கூடாது.

போல்ட்டைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். சிலிண்டர் ஹெட்டை இறுக்கிப் பிடித்திருக்கும் போல்ட்டுகள், பெட்ரோல் இன்ஜெக்டர் குழாயின் போல்ட்டுகள், சென்சார்களின் போல்ட்டுகள், ஏர்பேக் எர்த் புள்ளி ஆகியவற்றைத் தொடாதீர்கள். எஞ்சினைத் தூக்குவதற்கான கொக்கியின் போல்ட், பயன்படாமல் இருக்கும் மறையுள்ள துளை, வெறும் பிராக்கெட் போல்ட் போன்றவை நல்லவை. பல கார்களில் எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டு பிளாஸ்டிக்கால் ஆனது என்பதால், அங்கே கட்டும் எர்த்தால் பயன் இல்லை. சி.என்.ஜி. அல்லது எல்.பி.ஜி. பொருத்திய காரில் எரிவாயுக் குழாயிலோ அதன் தாங்கியிலோ எர்த் கட்டவே கூடாது.

5. கேபிளும் லக்கும் வாங்குவது

ஏமாற்று வேலை அதிகம் நடப்பது இங்கேதான். பேட்டரியிலிருந்து கிளம்பும் இரண்டு கேபிள்களுக்கு 16 ஸ்கொயர் எம்.எம்., மற்ற இரண்டுக்கு 10 ஸ்கொயர் எம்.எம். என்று கேளுங்கள் (உள்ளே இருக்கும் செம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு அது). நுண்ணிழைகள் கொண்ட செம்பு கேபிளில் 16 ஸ்கொயர் எம்.எம்.மின் தடை கிலோமீட்டருக்குச் சுமார் 1.21 ஓம். அதாவது 55 சென்டிமீட்டரில் 150 ஆம்பியர் ஓடினாலும் 0.1 வோல்ட்தான் இழப்பு. இதைவிடப் பருமனான கேபிள் வளைய மறுக்கும். வளையாத கேபிள் எஞ்சின் அதிர்வில் லக்கின் (போல்ட்டில் மாட்டுவதற்காகக் கேபிள் முனையில் அழுத்தும் துளையுள்ள உலோகத் துண்டு) கழுத்தில் முறியும்.

செம்பு பூசிய அலுமினியக் கேபிள் ஆடியோ கடைகளில் மலிவாகக் கிடைக்கும், மேலே பார்த்தால் செம்பு போலவே பளபளக்கும். வாங்கும் முன் ஓர் இழையைப் பிரித்துக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். வெளியே செம்பு நிறமும் உள்ளே வெள்ளையும் தெரிந்தால் அது அலுமினியம். அதன் தடை செம்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. வெளியே வெள்ளையும் உள்ளே செம்பு நிறமும் தெரிந்தால் அது வெள்ளீயம் பூசிய நல்ல செம்பு. கடலோரம் வசிப்பவர்கள் அதைத் தேடி வாங்கலாம். முதல் கடையில் நான் சுரண்டிய இழை உள்ளே வெள்ளையாக இருந்தது. கடைக்காரர் அதுவும் நல்லதுதான் என்றார்; நான் வாங்கவில்லை.

வீட்டு ஒயரிங் கேபிளும் வேண்டாம். அதன் சாதாரண பி.வி.சி. உறை 70 டிகிரி வரைதான் தாங்கும். எஞ்சின் அறைக்கு 105 டிகிரி தாங்கும் ஆட்டோ கேபிளோ, வெப்பத்தையும் எண்ணெயையும் தாங்கும் எச்.ஓ.எஃப்.ஆர். ரப்பர் உறை போட்ட வெல்டிங் கேபிளோ வேண்டும். சென்னையில் ஜி.பி. ரோட்டில் இரண்டு மூன்று கடை ஏறி இறங்கினால் கிடைத்துவிடும்.

நான் கொடுத்த விலை: 16 ஸ்கொயர் எம்.எம். ஒன்றரை மீட்டர் 360 ரூபாய், 10 ஸ்கொயர் எம்.எம். ஒன்றரை மீட்டர் 225, வெள்ளீயம் பூசிய செம்பு லக் எட்டு 120, லக் அழுத்தும் கூலி 120, சூட்டில் சுருங்கும் குழாய் 40, நெளிவுக் குழாய் 40, போல்ட்டும் பல் வாஷரும் 60, உப்புத்தாளும் கம்பித் தூரிகையும் 50, வாசலின் 40. எல்லாம் சேர்ந்து 1,055 ரூபாய். செம்பு விலை ஏறி இறங்குவதால் கேபிளுக்கு மட்டும் கொஞ்சம் கூட வைத்துக்கொள்ளுங்கள். பில்லைக் கேட்டு வாங்குங்கள். அதில் கேபிளின் அளவு எழுதியிருக்கட்டும்.

லக் வாங்கும்போது இரண்டு அளவுகளைச் சொல்ல வேண்டும்: கேபிளின் பருமன், போல்ட்டின் விட்டம். 6 எம்.எம். போல்ட்டுக்கு எத்தனை, 8 எம்.எம். போல்ட்டுக்கு எத்தனை என்று முன்பே எண்ணி எழுதிக்கொண்டு போங்கள். சிறிய துளையை வீட்டில் துளைத்துப் பெரிதாக்கினால், லக்கின் ஓரம் மெலிந்து நாளடைவில் கிழியும்.

6. லக் அழுத்துவது

கேபிளின் உறையை லக்கின் குழல் ஆழத்துக்குச் சரியாக நீக்குங்கள். ஓர் இழைகூட அறுபடக் கூடாது. லக்குக்குள் நுழையவில்லை என்று சுற்றிலும் இழைகளை வெட்டிவிடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது; அப்படிச் செய்தால் 16 ஸ்கொயர் எம்.எம்.முக்குக் கொடுத்த காசு வீண். நுழையாவிட்டால் லக்கை மாற்றுங்கள்.

கட்டிங் பிளேயரால் நசுக்குவதும் சுத்தியலால் தட்டுவதும் போதாது. பேனல் போர்டு வேலை செய்யும் எலக்ட்ரீஷியன்களிடம் அறுகோண அச்சுள்ள அழுத்தும் கருவி இருக்கும். ஒரு லக்குக்குப் பத்துப் பதினைந்து ரூபாய் வாங்கிக்கொண்டு செய்து தருவார்கள். எட்டு லக்குகளுக்கு அரை மணி நேரம் போதும். அழுத்திய பின் இரு கைகளாலும் பலமாக இழுத்துப் பாருங்கள். இம்மியும் நகரக் கூடாது. பற்று (சால்டர்) வைத்துத் தரட்டுமா என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். உருகிய ஈயம் இழைகளுக்குள் ஊறி ஏறிக் கெட்டிப்படும். அது முடியும் இடத்தில் அதிர்வு வேலை செய்து கேபிள் முறியும். சூட்டில் சுருங்கும் குழாயை லக் மாட்டும் முன்பே கேபிளில் கோத்துவிடுங்கள். நான் மறந்து, ஒரு லக்கை வெட்டி எறிய நேர்ந்தது.

7. பொருத்துவது

எஞ்சின் ஆற இரண்டு மணி நேரமாவது விடுங்கள். பொருத்தும் வேலைக்கு முதல்முறை மூன்று மணி நேரம் ஆகும். மழை நாளில் செய்யாதீர்கள். சுரண்டிய இரும்பு ஈரத்தில் உடனே துருப்பிடிக்கும்.

மோதிரத்தையும் வாட்சையும் கழற்றி வைத்துவிட்டுத் தொடங்குங்கள். முதலில் பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள். வேலை முடிந்து கடைசியாக அதை மாட்டுங்கள். மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ்ஸில் வைத்த ஸ்பேனர் பாடியில் பட்டால் பெரும் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயு வெடிக்க அந்தப் பொறி போதும். ஏர்பேக் உள்ள கார் என்றால் மைனஸைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருங்கள்.

லக் உட்காரும் இடத்தில் பாடியின் பெயிண்டை, லக்கின் அளவுக்கு மட்டும், உப்புத்தாளால் வெள்ளை உலோகம் தெரியும் வரை தேயுங்கள். லக்கை நேராக உலோகத்தின் மேல் வைத்து, பல் வாஷரைப் போட்டு இறுக்குங்கள். இறுக்கிய பின்தான் வாசலினை மேலே பூச வேண்டும். அலுமினிய உடலில் 6 எம்.எம். போல்ட்டை 10 நியூட்டன் மீட்டர் அளவில், அதாவது சிறிய ஸ்பேனரை மணிக்கட்டு பலத்தில் இறுக்கினால் போதும். தோள் பலத்தைக் காட்டினால் மறை கழன்று, கூடுதல் செலவு வந்து சேரும். ஒரு போல்ட்டில் இரண்டு லக்குகளுக்கு மேல் அடுக்காதீர்கள். பேட்டரியில் லக்கைக் கிளாம்ப்பின் போல்ட்டில் மாட்டுங்கள்; ஈயத் தூணுக்கும் கிளாம்ப்புக்கும் நடுவே செருகக் கூடாது.

கேபிள்களை நெளிவுக் குழாய்க்குள் விட்டு, கூரான தகட்டு ஓரங்களில் உரசாமல் டேக் போட்டுக் கட்டுங்கள். முடிந்ததும் ஒவ்வோர் இடத்தையும் கைப்பேசியில் படம் எடுத்து பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு யாராவது கார் மின்சார வேலை செய்யும்போது, எது கம்பெனி கேபிள், எது நீங்கள் போட்டது என்று காட்ட உதவும்.

8. மீண்டும் அளப்பது

மைனஸை மாட்டி முதல்முறை கிளப்பும்போது ஐட்லிங் சற்று ஏறி இறங்கலாம். பேட்டரி கழற்றப்பட்டதால் எஞ்சினின் கன்ட்ரோல் யூனிட் தன் நினைவை இழந்து மறுபடி கற்றுக்கொள்கிறது. பத்து இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பிறகு பாருங்கள்.

அடுத்து, முதல் படியில் செய்த அளவுகள் அனைத்தையும் அதே இடங்களில், அதே முறையில் மீண்டும் எடுங்கள். எனக்கு எஞ்சின் எர்த்தில் 0.92 இருந்த இடத்தில் 0.09 வந்தது. செல்ஃப் மோட்டார் பழைய விறுவிறுப்போடு சுற்றியது, வெப்பமானி முள் ஹெட்லைட்டுக்கு அசையவில்லை. ரேடியோவின் ரீங்காரம் மட்டும் குறைந்ததே தவிர முழுதாக ஒழியவில்லை. அதற்கு ஆல்டர்னேட்டரின் டையோடுகளைத் தனியாகப் பார்க்க வேண்டியிருந்தது. உங்கள் அளவு இறங்கவில்லை என்றால், எந்த இணைப்பில் இழப்பு நிற்கிறது என்று சிவப்பு முனையை லக், போல்ட், உலோகம் என ஒவ்வோர் அடியாக நகர்த்திப் பாருங்கள். பெரும்பாலும் சரியாகத் தேய்க்காத பெயிண்டோ தளர்ந்த போல்ட்டோ அங்கே அகப்படும்.

ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பின் எல்லாப் போல்ட்டுகளையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். கடலோரத்தில் இருப்பவர்கள் ஐப்பசி மழைக்கு முன்னும் தை பிறந்த பின்னும் வாசலினைத் துடைத்துப் புதிதாகப் பூசி, எஞ்சின் எர்த்தை மட்டும் அளந்து நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்; அளவு 0.2 வோல்ட்டை நெருங்கினால் லக்குகளைக் கழற்றித் துலக்க வேண்டும்.